ப்ரெய்ரி பாணி வீட்டில் ஜன்னலும் கதவும் மாற்றும் முன்

சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க், ரிவர் ஃபாரஸ்ட் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு இது. கூரை தாழ்ந்து, அதன் விளிம்பு சுவரைத் தாண்டி நன்றாக நீண்டு, ஜன்னல்கள் நாலைந்தாகச் சேர்ந்து பட்டை போல ஓடினால் அது ப்ரெய்ரி பாணி. ஏறக்குறைய 1900 முதல் 1915 வரை கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாயிட் ரைட்டும் அவர் வழியில் வந்தவர்களும் வளர்த்தது.

இங்கே கணக்கு ஒற்றை ஜன்னலுக்கு அல்ல, வரிசைக்கு. ஐந்தில் ஒன்று பழுதென்று அதை மட்டும் மாற்றினால் சட்டத்தின் தடிமன் வேறுபட்டுப் பல்வரிசையில் பொய்ப்பல் போலத் தெரியும். பழைய சட்டத்துக்குள் புதிதைச் செருகும் முறை மலிவுதான். ஆனால் பக்கத்துக்கு 1 அங்குலம் குறைந்தாலும் ஐந்து ஜன்னலில் 10 அங்குலக் கண்ணாடி போச்சு. முன்பக்க வரிசைக்குப் பழைய சட்டத்தை முழுக்க எடுத்துவிட்டு வைப்பதே சரி.

வகை கேஸ்மென்ட், அதாவது நம் ஊர் ஜன்னல் போலப் பக்கவாட்டில் கீல் வைத்து வெளியே திறப்பது. மேலும் கீழும் நகரும் டபுள் ஹங் விலை குறைவு என்பார்கள். ஆனால் அதன் நடுவே வரும் குறுக்குச் சட்டம் ப்ரெய்ரி தோற்றத்தைக் கெடுக்கும். கேஸ்மென்ட்டை மூடினால் ரப்பரோடு அழுந்தி நிற்பதால் குளிர்காற்றும் குறைவாகவே நுழையும். கொசுவலை உள்பக்கம் வரும். நடைபாதை ஓரத்தில் வேண்டாம், திறந்த கதவில் தலை இடிக்கும்.

கண்ணாடியின் ஓரங்களை ஒட்டிக் கோடுகள் ஓடி நாலு மூலையிலும் சின்னச் சதுரம் விழுவதுதான் கடைகளில் ‘ப்ரெய்ரி’ என்று விற்கும் கட்டம். இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்த கட்டம் தெருவிலிருந்து தட்டையாகத் தெரியும். வெளியே ஒட்டிய பட்டையையே கேளுங்கள். பழைய ஈயப்பட்டை வண்ணக் கண்ணாடி இருந்தால் கழற்றவே வேண்டாம். பழுதுபார்த்து, வெளியே ஒரு ஸ்டார்ம் ஜன்னல், அதாவது குளிரையும் மழையையும் தடுக்கும் கூடுதல் ஜன்னல், போட்டால் போதும்.

புது ஜன்னலின் ஸ்டிக்கரில் யூ-ஃபேக்டர் எண்ணைப் பாருங்கள். குறையக் குறைய வெப்பம் வெளியேறுவது குறையும். அப்படியும் இட்லி அவித்த நாளில் கண்ணாடி வேர்த்தால், அது பெரும்பாலும் ஜன்னலின் குற்றமல்ல, எக்ஸாஸ்ட் ஓடாததுதான் காரணம்.

அகலத்தை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் எடுத்துச் சிறியதைக் கொள்ளுங்கள். படுக்கையறையில் அவசரத்துக்கு வெளியேறும் ஜன்னலின் திறப்பு பொதுவாக 5.7 சதுர அடி, அகலம் 20 அங்குலம், உயரம் 24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. 1978க்கு முன் கட்டிய வீட்டு பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதற்குச் சான்றிதழ் பெற்ற கான்ட்ராக்டரையே கூப்பிடுங்கள், குழந்தைகள் இருந்தால் சொல்லவே வேண்டாம். வரலாற்றுப் பகுதியில் இருந்தால் ஆர்டர் கொடுக்கும் முன்பே ஊர் அலுவலகத்தில் பெர்மிட் விசாரியுங்கள்.

கதவுக்கு வருவோம். இந்த வீடுகளில் வாசல் பல நேரம் தெருவைப் பார்க்காமல் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும். வாஸ்துவுக்காக அதை முன்பக்கம் நகர்த்த நினைத்தால் சுவர், கூரை எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டிவரும். அகலமான ஓக் கதவு, நெடுக்காக ஒடுங்கிய கண்ணாடி, பக்கத்தில் அதே கோட்டில் கண்ணாடிப் பட்டை: இது பொருந்தும். ஆறு கட்டக் கதவும் வளைவுக் கண்ணாடியும் பொருந்தாது. மேற்கு வெயில் படும் அடர்நிறக் கதவுக்கு முன்னால் முழுக் கண்ணாடி ஸ்டார்ம் டோர் போட்டால் இடையில் சூடு அடைந்து பெயின்ட் கொப்பளிக்கும், பிளாஸ்டிக் விளிம்பு நெளியும். தோரணம் கட்ட நிலையில் ஆணி அடிக்காதீர்கள். நிலையைப் போர்த்திய அலுமினிய உறை ஓட்டையானால் உள்ளே மரத்துக்குத் தண்ணீர் இறங்கும். ஒட்டுக் கொக்கி போதும்.