பழைய வண்டியில் சார்ஜ் ஏறவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றவில்லை. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஒரே குரலில் "பேட்டரி போயிட்டு" என்பார்கள். சில ஆயிரம் கொடுத்துப் புதியது மாட்டுவீர்கள். கொஞ்ச நாளில் அதுவும் படுத்துவிடும். பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றுகிற பக்கம் பழுதாக இருந்தால் எத்தனை பேட்டரி மாற்றினாலும் இதே கதைதான்.

மாருதி 800, ஆம்னி, அம்பாசடர், மஹிந்திரா ஜீப் மாதிரி பழைய வண்டி வைத்திருந்து, மீட்டரைக் கையில் எடுத்தே பழக்கமில்லாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். குமரி மாவட்டத்தில் இந்தக் கோளாறுக்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வண்டி நின்றால் உப்புக்காற்று. குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் நின்றால் ஓயாத ஈரம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் நமக்கு உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஒயரும் இரும்பும் சேருகிற இடமெல்லாம் பூத்துப்போகும். அதனால் இங்கே முதல் சந்தேகம் டெர்மினல் (பேட்டரி முனை) மேலும், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் ஒயர் மேலும்தான் விழ வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், அதுவே போதும். 10-ம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், ஆப்பச் சோடா, வாசலின், டார்ச். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் என்று குறித்த துளையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் துளையில் செருகியபடி பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டால் நேர் ஷார்ட், மீட்டர் புகைந்துவிடும்.

மோதிரம், கைச்செயின், இரும்பு ஸ்ட்ராப் வாட்ச் எல்லாம் கழற்றி வையுங்கள். தோளில் தோர்த்து போட்டுக்கொண்டு ஓடும் இன்ஜின் மேல் குனிய வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டபடி நிற்கட்டும்.

படி 1: நின்ற வண்டியில் வோல்ட் பாருங்கள்

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளப்பது நல்லது. இப்போதுதான் ஓட்டி நிறுத்தியிருந்தால் ஹெட்லைட்டை இரண்டு நிமிஷம் போட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கவும். இல்லாவிட்டால் பொய்யாக அதிக வோல்ட் காட்டும்.

12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. அப்படிக் காலியான பேட்டரியை வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும் ஆல்டர்நேட்டருக்கு அது தாங்க முடியாத சுமை. கடையில் கொடுத்து ஸ்லோ சார்ஜ் போடுங்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு மூன்று, மூன்றரை ஆம்பியர் வீதம் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தண்ணி மட்டத்தையும் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றவும். கிணற்றுத் தண்ணி, ஆர்.ஓ. தண்ணி எதுவும் வேண்டாம்.

படி 2: டெர்மினலும் எர்த்தும்

இந்த ஒரு படிக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

டெர்மினலைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி பூத்திருக்கிறதா? கிளாம்பைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். துளி அசைந்தாலும் கோளாறுதான். முதலில் மைனஸ் பக்கம் கழற்ற வேண்டும், பிறகு பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். வரிசை மாறினால், பிளஸ் நட்டைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும்.

வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கலந்து பிரஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு பொடி கரையும். அந்தத் தண்ணி பேட்டரிக்குள் மட்டும் இறங்கக்கூடாது. துடைத்துக் காய்ந்த பிறகு முனையையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உரசி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது தவறு, இறுக்கிவிட்டுத்தான் தடவ வேண்டும்.

பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் ஒயர் ஒன்று, இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே செம்புப் பின்னல் பட்டை ஒன்று. இரண்டாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இன்ஜினுக்கு அடியில் சேறும் ஆயிலும் மூடிக் கிடக்கும். போல்ட் துருவேறி, பின்னலில் பாதி இழை அறுந்திருந்தாலும் மேலேயிருந்து பார்த்தால் தெரியாது. எர்த் சரியில்லாத வண்டியில் ஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தால் சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சுடும். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அதன் வழியாகப் போகிறது என்று அர்த்தம்.

மீட்டரில் உறுதி செய்யலாம். ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் முனையிலும், மற்றதை இன்ஜின் பிளாக்கில் துரு இல்லாத இடத்திலும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும் நேரத்தில் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பழுது. பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உரசி, தேவையானால் புதியது போடுங்கள். சொற்பக் காசுதான்.

படி 3: செல்ஃப் அடிக்கும்போது

இப்போது மீட்டரைப் பேட்டரி முனைகளிலேயே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக்கூடாது. முழு சார்ஜில் இருந்தும் சட்டென்று 8, 7 என்று விழுந்தால் அப்போதுதான் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். கடையில் லோடு டெஸ்டர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வோல்ட் இறங்கவே இல்லை, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் கோளாறு சாவி ஸ்விட்ச், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சாலினாய்டு பக்கம். அது வேறு கதை.

படி 4: பெல்ட்டும் சிவப்பு விளக்கும்

ஆல்டர்நேட்டரைச் சுழற்றும் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதிகம் தளர்ந்திருந்தால் வழுக்கும். மழையில் ஹெட்லைட், வைப்பர் போட்டதும் 'கிரீச்' என்று கத்துவது இதனால்தான். ரொம்ப இறுக்கினால் பேரிங் போய்விடும்.

சாவியை ஆன் செய்தால் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சார்ஜ் இல்லை. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் பலர் கவலைப்படுவதில்லை, அதுதான் தப்பு. நிறையப் பழைய வண்டிகளில் ஆல்டர்நேட்டரை எழுப்பும் முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு பியூஸ் போனால் நல்ல ஆல்டர்நேட்டர்கூட சும்மா சுற்றும்.

டீசல் ஜீப்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய டீசல் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் கரண்ட் இல்லாமலே ஓடும். அதனால் சார்ஜ் நின்றுபோனது பல நாள் தெரியாது. பேச்சிப்பாறை மேட்டில் இறக்கம் பார்த்து நிறுத்தி, உருட்டி ஸ்டார்ட் செய்து பழகியவர்களுக்கு இன்னும் தாமதமாகத்தான் தெரியும். பெட்ரோல் வண்டி அப்படியில்லை, வழியிலேயே நின்றுவிடும்.

படி 5: ஓடும் இன்ஜினில் அளப்பது

ஸ்டார்ட் செய்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் போடுங்கள். 13.5-க்கு மேல் நின்றால் நல்லது. ஐட்லிங்கில் கொஞ்சம் குறைவது பழைய வண்டிக்கு இயல்பு. இரண்டு ஹெட்லைட் மட்டுமே 9 ஆம்பியர் குடிக்கும். வடசேரி, மார்த்தாண்டம் நெரிசலில் மழை ராத்திரியில் ஊர்ந்தால் வரவைவிடச் செலவு கூடும்.

12.6-லேயே நின்றால், அல்லது இறங்கிக்கொண்டே போனால், சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டினால், வோல்ட்டை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, அல்லது அதன் எர்த் விட்டுவிட்டது. பேட்டரி தண்ணி சீக்கிரம் வற்றுவதும், அழுகிய முட்டை நாற்றமும், பல்பு அடிக்கடி போவதும் இதன் அறிகுறி.

ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் வண்டியில் விடாதீர்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி, ஆல்டர்நேட்டருக்குள் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் டயோடு போய்விடும்.

படி 6: ஆல்டர்நேட்டரா, ஒயரா?

மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வதும் பெரும்பாலும் ஆல்டர்நேட்டரைத்தான். அதன் பின்பக்கம் தடித்த ஒயர் மாட்டிய போல்ட்டில் ஒரு முனை, பேட்டரி பிளஸ்ஸில் ஒரு முனை. இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவே உள்ள ஒயரோ பியூசோ பழுது. அடுத்து மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.5-க்கு மேல் வந்தால் டயோடு மேல் சந்தேகம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இன்ஜின் குளிர்ந்திருக்க, ஆல்டர்நேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

ஒயர் நன்றாக இருந்தும் சார்ஜ் இல்லையா? ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் தேய்ந்த கார்பன்தான் காரணமாக இருக்கும், முழு செட் மாற்ற வேண்டியிராது. சில டீசல் வண்டிகளில் ஆல்டர்நேட்டரின் பின்னாலேயே வாக்குவம் பம்ப் இருக்கும். அது பிரேக்கோடு சம்பந்தப்பட்டது, நீங்களே கழற்ற வேண்டாம்.

படி 7: எல்லாம் சரி, காலையில் மட்டும் டவுன்

எங்கோ கரண்ட் ஒழுகுகிறது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, மைனஸ் கிளாம்பைக் கழற்றுங்கள். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, டி.சி. ஆம்பியரில் வைத்து, கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை இணையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு, அதாவது மீட்டரில் 0.05-க்கு மேல் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ, அந்த லைனில்தான் ஒழுக்கு.

எந்தப் பியூஸுக்கும் விழவில்லையா? பின்னால் சேர்த்த ஸ்டீரியோ, ஹாரன், மண்டைக்காடு கொடைக்கு மைக் கட்ட இழுத்த ஒயர் என்று பேட்டரியிலிருந்து நேரே போகும் எல்லாவற்றையும் தேடிக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் படி 6-ல் சொன்ன டயோடுதான். தேவையில்லாத ஒயரை அடியோடு எடுத்துவிடுங்கள். தேவையானதை சாவி ஆஃப் செய்ததும் நிற்கிற லைனுக்கு மாற்றி, அதற்கென்று ஒரு பியூஸும் போடுங்கள்.