டெபியனில் இரண்டாவது வன்தட்டு: எஃப்எஸ்டேப் கோப்பில் எழுத வேண்டிய ஒற்றை வரி

டெபியன் அல்லது உபுண்டு ஓடும் கணினியில் இரண்டாவதாக ஒரு வன்தட்டைச் சேர்த்து, கணினி தொடங்கும்போதெல்லாம் அது தானாகவே மவுண்ட் ஆகும்படி (அதாவது ஒரு கோப்பகத்தில் இணைந்து பயன்பாட்டுக்குத் தயாராகும்படி) அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். தட்டைப் பொருத்தி, ஜிபார்ட்டட் என்ற கருவி கொண்டு அதில் எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமை வடிவில் ஒரு பார்ட்டிஷன் (தட்டின் பகுதி) உருவாக்கும் வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டளைகளை வாய்விட்டுப் படிக்கும் ஒலிப்பில் தமிழிலேயே தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எதையேனும் மாற்றும் கட்டளை ஒவ்வொன்றுக்கும் முன்னால், நிர்வாகி உரிமை தரும் சுடோ வர வேண்டும்.

தட்டின் அடையாளம்

முதலில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' என்ற கட்டளையை இடுங்கள். கணினியிலுள்ள தட்டுகளும் அவற்றின் பார்ட்டிஷன்களும் கிளை பிரித்துக் காட்டப்படும். புதிய தட்டு பெரும்பாலும் எஸ்டிபி என்றும் அதன் பார்ட்டிஷன் எஸ்டிபி1 என்றும் இருக்கும். இந்தப் பெயரை எங்கும் எழுதி வைக்காதீர்கள். தட்டுகளைக் கெர்னல் கண்டறியும் வரிசையில் இப்பெயர்கள் தரப்படுவதால், இன்று எஸ்டிபி என்றிருப்பது நாளை ஒரு யூஎஸ்பி தட்டைச் செருகித் தொடங்கும்போது எஸ்டிசி ஆகிவிடலாம். மாறாமல் இருப்பது யூயூஐடி எனப்படும் நீண்ட அடையாள எண்தான். எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு அது நான்கு சிறு கோடுகளையும் சேர்த்து 36 எழுத்துகள் கொண்டது.

பிஎல்கேஐடி என்ற கட்டளையும் இந்த எண்ணைத் தரும். ஆனால் அதே வரியில் பார்ட்யூயூஐடி என்று இன்னோர் எண்ணையும் சேர்த்தே அச்சிடுவதால், புதியவர்கள் பலர் அதைப் படியெடுத்து, யூயூஐடி என்ற தலைப்பின்கீழ் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு பார்ட்டிஷன் கணினியில் இல்லவே இல்லை என்பதால் தட்டு ஒருபோதும் மவுண்ட் ஆகாது. இந்தக் குழப்பத்துக்காகவே எல்எஸ்பிஎல்கே கட்டளையை நான் விரும்புகிறேன்.

அந்த ஒரு வரி

தட்டு வந்து சேர ஒரு வெறும் கோப்பகம் வேண்டும். எம்என்டி என்பது தற்காலிக மவுண்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட இடம் என்பதால், '/எஸ்ஆர்வி/டேட்டா' என்ற கோப்பகத்தை எம்கேடிஐஆர் கொண்டு உருவாக்குங்கள். பிறகு ஈடிசி கோப்பகத்திலுள்ள எஃப்எஸ்டேப் கோப்பை (தொடக்கத்தில் மவுண்ட் செய்ய வேண்டிய தட்டுகளின் பட்டியல் இது) வேறு பெயரில் ஒரு படி எடுத்து வைத்துவிட்டு, மூலக்கோப்பை நானோ என்ற உரைத்திருத்தியில் திறந்து, கடைசியில் இந்த வரியைச் சேருங்கள்:

யூயூஐடி=… /எஸ்ஆர்வி/டேட்டா எக்ஸ்ட்4 டீஃபால்ட்ஸ்,நோஃபெயில் 0 2

(விம் பழகியவர்களுக்கு விம் சிறந்ததாக இருக்கலாம்; கணினி தொடங்காமல் நிற்கும் வேளையில் புதியவர் ஒருவர் அதிலிருந்து வெளியேற வழி தேட நேரக்கூடாது என்பதால் நானோவையே பரிந்துரைக்கிறேன்.)

… உள்ள இடத்தில் உங்கள் பார்ட்டிஷனின் எண்ணை இடுங்கள். யூயூஐடி என்ற சொல்லை மட்டும் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும். வரியில் ஆறு புலங்கள் உள்ளன. அவற்றைப் பிரிப்பது இடைவெளி. ஆகவே டீஃபால்ட்ஸ் என்பதற்கும் நோஃபெயில் என்பதற்கும் இடையிலுள்ள காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால், நோஃபெயில் ஐந்தாம் புலத்துக்குத் தள்ளப்பட்டுப் பயனற்றுப் போகும். இறுதியிலுள்ள 2, தொடக்கத்தில் கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் வரிசை எண். இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுக்கு மட்டும் அது 1.

நோஃபெயில் ஏன்

தட்டு கிடைக்காவிட்டாலும் தொடக்கத்தைத் தொடரச் சொல்வதே நோஃபெயில். அது இல்லாமல் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதிய தட்டு தொடக்கத்தின்போது கிடைக்காவிட்டால், தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி அதற்காக இயல்பாக 90 விநாடிகள் காத்திருக்கும். திரையில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமும் ஓடிக்கொண்டிருக்க, அருகே 1 நிமிடம் 30 விநாடி என்ற வரம்பை நோக்கி எண்ணிக்கை ஏறும். வரம்பு முடிந்ததும் கணினி அவசர நிலைக்குப் போய்விடும். டெபியனை நிறுவும்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்லைக் காலியாக விட்டிருந்தால், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, தொடர என்டர் விசையை அழுத்துக என்ற செய்தி மட்டுமே வரும். அழுத்தினால் மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நிற்கும். அண்மையில் ஒரு புகைப்படக் கடையின் கணினி இந்த நிலையில்தான் என் மேசைக்கு வந்தது. முதன்மைத் தட்டில் எந்தப் பழுதும் இல்லை. படங்கள் வைத்திருந்த கூடுதல் தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்.

மீட்கும் வழி இது. கணினி தொடங்கும்போது இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்க வரும் க்ரப் பட்டியல் தோன்றியதும் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குச் சென்று, ஓர் இடைவெளி விட்டு 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். கடவுச்சொல் கேட்காமலே ரூட் ஷெல் (நிர்வாகி உரிமையுள்ள கட்டளைத் திரை) திறக்கும். அப்போது ரூட் பார்ட்டிஷன் பெரும்பாலும் படிக்க மட்டுமே இயலும் நிலையில் இருக்கும் என்பதால், 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' என்று கொடுத்த பிறகே எஃப்எஸ்டேப் கோப்பை மாற்றிச் சேமிக்க முடியும். சிக்கலான வரியின் முன் ஒரு # குறி இட்டால் போதும். சேமித்தபின் அதே கட்டளையை ஆர்டபிள்யூ இருந்த இடத்தில் ஆர்ஓ என்று மாற்றிக் கொடுத்து, மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். (கடவுச்சொல்லே இல்லாமல் இவ்வளவும் செய்ய முடிகிறதே என்று வியப்பவர்கள், மடிக்கணினியின் தட்டை மறைகுறியாக்கம் செய்வது பற்றி யோசிக்கலாம்.)

மறுதொடக்கத்துக்கு முன் சோதனை

'ஃபைண்ட்மவுண்ட்' என்று படித்தாலும் 'ஃபைண்ட்எம்என்டி' என்று எழுதப்படும் கட்டளையை '--வெரிஃபை' என்ற விருப்பத்துடன் இயக்கினால், எஃப்எஸ்டேப் கோப்பிலுள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டும். அடுத்து 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அதன்பின் 'மவுண்ட் -ஏ'. தட்டை அதே கோப்பகத்தில் முன்பே கையால் மவுண்ட் செய்திருந்தால் 'மவுண்ட் -ஏ' அதைத் தொடாமல் கடந்துவிடும். பிழைச்செய்தி வராததை வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது. முதலில் 'யூமவுண்ட்' செய்துவிட்டுச் சோதியுங்கள்.

மவுண்ட் ஆனதும் தட்டின் மேல்மட்டக் கோப்பகம் ரூட்டுக்கே சொந்தமாக இருக்கும். சிஎச்ஓன் கட்டளையால் அதை உங்கள் பயனர் பெயருக்கு மாற்றுங்கள். மவுண்ட் செய்வதற்கு முன் மாற்றினால், அடியிலுள்ள வெறும் கோப்பகத்தின் உரிமைதான் மாறும். எக்ஸ்ட்4 இயல்பாக 5 விழுக்காடு இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைப்பதால் 1 டிபி தட்டில் ஏறத்தாழ 50 ஜிபி உங்களுக்குக் கிடைக்காது. தரவு மட்டுமே வைக்கும் தட்டில் 'ட்யூன்2எஃப்எஸ் -எம் 1' என்று குறைத்துக்கொள்ளலாம். ரூட் பார்ட்டிஷனில் இதைச் செய்ய வேண்டாம்.

பின்சேர்க்கை: நோஃபெயில் மறைக்கும் ஆபத்து

தட்டு வராமலே கணினி தொடங்கிவிட்டால், இரவில் ஓடும் பேக்கப் நிரல் எங்கே எழுதும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வெறுமையாக இருக்கும் அந்தக் கோப்பகத்தில், அதாவது முதன்மைத் தட்டிலேயே எழுதும். ரூட் பார்ட்டிஷன் நிரம்பிய பிறகே விவரம் தெரியவரும். மறுநாள் தட்டு மவுண்ட் ஆனால், எழுதப்பட்ட கோப்புகள் அதன் அடியில் மறைந்து இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க, தட்டை யூமவுண்ட் செய்துவிட்டு, வெறும் கோப்பகத்தின்மீது 'சிஎச்ஏடிடிஆர் +ஐ' கட்டளையை இடுங்கள். அதன்பின் தட்டு இல்லாத வேளையில் ரூட்டாலும் அங்கே எதையும் எழுத முடியாது. மவுண்ட் செய்வதற்கோ எவ்விதத் தடையும் இல்லை. இந்தப் படியை இப்போது எல்லாக் கணினிகளிலும் கட்டாயமாகச் செய்கிறேன்.

இன்னொரு பின்சேர்க்கை: என்டிஎஃப்எஸ் தட்டுகள்

விண்டோஸுடன் பகிர்ந்துகொள்ளும், என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) வடிவிலுள்ள தட்டில் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால், எஃப்எஸ்டேப் வரியைத் திருத்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணினியை முழுமையாக அணைக்காமல் பாதி உறக்க நிலையில் விடுவதே பெரும்பாலும் காரணம். விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் அந்த வசதியை நீக்கி, ஒருமுறை முழுமையாக அணைத்துவிட்டு, பிறகு லினக்ஸில் தொடங்கி மவுண்ட் செய்யுங்கள்.