பலர் சேர்ந்து தூய்மைப்படுத்தும் மாசு நிலம்: பழைய பதிவுகளைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே நிலத்தில் பல நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் கழிவைக் கொட்டியிருந்தால், தூய்மைப்படுத்தும் செலவில் யார் பங்கு எவ்வளவு என்பதைப் பழைய தாள்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. கொட்டியவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள், நிறுவனங்கள் கைமாறியிருக்கும், அன்றைய ஆய்வகமே மூடப்பட்டிருக்கும். இந்தத் தாள்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது வரும் மோசமான தவறுகள், பட்டியல் பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்திலேயே வருகின்றன.

அதில் முதன்மையானது, 'கண்டறியப்படவில்லை' என்பதைப் பூஜ்யமாக மாற்றுவது. இதைவிட அதிகச் சேதம் செய்யும் தவறு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆய்வக அறிக்கையில் '<10' என்று இருந்தால், பத்துக்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் அந்தச் சோதனையில் தெரியாது என்று பொருள். புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனமான வினைல் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடிநீர் விதிப்படி அதன் உச்ச வரம்பு லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். பத்து மைக்ரோகிராமுக்குக் கீழே பார்க்க முடியாத ஒரு பழைய சோதனை, அந்த நீர் வரம்புக்குள் இருந்ததா என்ற கேள்விக்குப் பதிலே தரவில்லை. நாம் பூஜ்யம் போட்டால், இல்லாத பதிலை நாமே எழுதிவிடுகிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மாசை அளக்கத் தோண்டிய கிணற்று நீரில் டிரைகுளோரோஎத்திலீன் (உலோகங்களின் எண்ணெய்ப் பசையை நீக்கும் கரைப்பான்) மிக அதிகமாக இருந்தால், ஆய்வகம் மாதிரியில் சுத்த நீரைக் கலந்து அடர்த்தியைக் குறைத்துத்தான் அளக்கும். நூறு மடங்கு குறைத்தால், கண்டறியும் வரம்பும், அதாவது சோதனைக்குத் தெரியும் மிகக் குறைந்த அளவும், நூறு மடங்கு ஏறிவிடும். அதே மாதிரியில் குறைவாக இருக்கும் மற்றப் பொருள்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். நிலத்தடி நுண்ணுயிர்கள் டிரைகுளோரோஎத்திலீனைச் சிதைக்கும்போது உருவாகும் பொருள்களில் ஒன்று வினைல் குளோரைடு. ஆக, அது தொடக்கத்திலிருந்தே நீரில் இருந்திருக்கலாம். ஆனால் பூஜ்யங்களை வைத்து வரைந்த வரைபடத்தில் ஏதோ ஓர் ஆண்டில் திடீரென்று முளைத்ததுபோல் தெரியும். அந்த ஆண்டில் அங்கே இயங்கிய நிறுவனத்தின் தலையில் பழி விழும். அதனால் அளவு, கண்டறியும் வரம்பு, ஆய்வகம் போட்ட குறியீடு ('கண்டறியப்படவில்லை' போன்றது) ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டங்களில் வையுங்கள். சராசரி எடுக்க ஏதாவது ஓர் எண் தேவைப்பட்டால், கணக்குப் போடும் இடத்தில் மட்டும் அதைச் சேர்க்கலாம். மூலத் தரவைத் தொடக்கூடாது.

அலகுகளில் மில்லிகிராமா மைக்ரோகிராமா என்ற குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நைட்ரேட்டில் வருவது இன்னும் நுட்பமானது. அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம், முழு நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 44. இரண்டும் ஒரே நீர்தான். எந்த முறை என்று எழுதாத எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. உலோகங்களுக்கு, மாதிரி வடிகட்டப்பட்டதா இல்லையா என்பதும் அப்படித்தான்.

அப்புறம், கிணறுகளின் பெயர்கள். ஒரு ஆலோசகர் கண்காணிப்புக் கிணறு ஒன்றை 'எம்டபிள்யூ-1' என்பார், அடுத்தவர் 'எம்டபிள்யூ-01' என்பார். தரவுத்தளம் இரண்டு கிணறுகளாக எண்ணிக்கொள்ளும். இதைச் சரிசெய்வது எளிது. இடிந்த கிணற்றுக்குப் பதிலாகத் தள்ளி, வேறு ஆழத்தில் தோண்டிய கிணற்றுக்குப் பழைய பெயரையே வைத்திருந்தால்தான் ஆபத்து. நீர்மட்டத்தைக் கிணற்றுக் குழாயின் மேல்விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். அந்த விளிம்பின் உயரத்தையும் தேதியோடு வையுங்கள், எந்த உயர அடிப்படையில் (உயரத்தை எண்ணத் தொடங்கும் பூஜ்ய மட்டம்) அளந்தது என்பதையும் சேர்த்து. அமெரிக்காவில் 1929-ஆம் ஆண்டின் உயர அடிப்படைக்கும் 1988-ஆம் ஆண்டினதுக்கும் சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். சமதளமான நிலத்தில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைச் சில சென்டிமீட்டர்களே சொல்லும்போது, இந்தக் கலப்படம் மாசை எதிர்த்திசையில் ஓடவிட்டுவிடும்.

கழிவு ரசீதுகளில் நிறுவனத்தின் இன்றைய பெயரைப் பழைய பெயரின் மேல் எழுதிவிடாதீர்கள். தாளில் இருப்பது அப்படியே இருக்கட்டும். யார் யாரை வாங்கினார்கள் என்பது தனி அட்டவணையில் போகட்டும். டிரம் எண்ணிக்கையை லிட்டராக மாற்றும்போதும் அதே கவனம் வேண்டும். ஒரு டிரம் 208 லிட்டர் என்று பெருக்கினால், எல்லா டிரம்மும் நிரம்பியே வந்தன என்ற அனுமானம் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். பங்கீடு கழிவின் கொள்ளளவை வைத்து நடந்தால், அந்த ஓர் அனுமானமே ஒருவரின் செலவுப் பங்கை மாற்றிவிடும்.

ஒவ்வொரு தரப்பும் தனக்கென்று ஒரு எக்செல் கோப்பை வைத்துத் திருத்திக்கொண்டிருப்பதும் வழக்கமான தவறு. எல்லோரும் ஏற்ற ஒரே மூலப்பிரதி இருக்க வேண்டும். யார், எப்போது, எதற்காகத் திருத்தினார்கள் என்ற குறிப்பு அதிலேயே தானாகப் பதிவாக வேண்டும். வக்கீல்களின் கருத்துகளை அதோடு கலக்கக்கூடாது. ஸ்கேன் எடுத்த கையோடு தாளை எறிவதும் வேண்டாம். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியதும், எழுத்துணரி மென்பொருள் தவறவிட்ட தசமப் புள்ளியும் தாளில்தான் இருக்கும்.

கடைசியாக, பணி முடிந்ததும் தரவுத்தளத்தை மூடிவிடுவது. அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் ரசாயனக் கழிவைப் புதைத்த லவ் கனால் நிலம் 1953-இல் ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்திடம் போனது. கழிவு இருப்பது பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் பள்ளியும் வீடுகளும் எழுந்தன. 1978-இல் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. பதிவு இருந்தது, அங்கே குடியேறியவர்கள் கையில் அது இல்லை. அதனால் கழிவு மண்ணுக்குள் இருக்கும் வரை, இந்தத் தரவுத்தளத்துக்குப் பொறுப்பாளர் யார், பராமரிப்புச் செலவு யாருடையது என்பதைத் தரப்புகளுக்கிடையிலான ஒப்பந்தத்திலேயே எழுதி வையுங்கள். எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய ஒரு பிரதியை உள்ளூர் நிர்வாகத்திடமும் கொடுத்துவிடுங்கள்.