குளிர்காலத்தில் கேம்பரை மூடி வைப்பதா, மூடாமல் விடுவதா?

கனடாவின் ஒன்டாரியோவில் அக்டோபர் நன்றி நவிலல் விடுமுறையோடு பெரும்பாலோருக்கு கேம்பிங் பருவம் முடிந்துவிடும். அல்கோன்குவின், சாண்ட்பேங்க்ஸ் பூங்காக்கள் என்று காருக்குப் பின்னால் இழுத்துச் சுற்றிய கேம்பர், அதாவது தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர், அடுத்த மே மாதம் வரை வெட்டவெளியில் நிற்கப் போகிறது. முதல் ட்ரெய்லர் வாங்கியவர்கள் இந்த நேரத்தில்தான் கேட்பார்கள்: உறை வாங்கத்தான் வேண்டுமா? கடைக்காரர் கட்டாயம் என்பார். பக்கத்து வீட்டுக்காரரோ பல வருடங்களாக மூடாமலே நிறுத்தியிருப்பார், அவர் வண்டிக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

என் கணக்கு இதுதான். கூரை ஒழுகாமல் இருந்து, நிற்கும் இடமும் காற்றுக்கு மறைவாக இருந்தால் மூடுங்கள். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் உறைக்கு வைத்திருக்கும் சில நூறு டாலரை வேறு வேலைக்குச் செலவழிப்பது மேல்.

படி 1: கூரையைப் பாருங்கள்

இதைச் செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள். நவம்பரில் ஓட்டை தெரிந்தால் அடைக்க முடியாது. இடுக்குகளை அடைக்கும் பசையான சீலன்ட் குளிரில் ஒழுங்காகப் பிடிக்காது. எத்தனை டிகிரிக்கு மேல் பூச வேண்டும் என்பது அதன் குழாயிலேயே எழுதியிருக்கும்.

பின்பக்கம் ஏணி பொருத்திய வண்டிகளின் கூரை பொதுவாக ஆள் எடையைத் தாங்கும். ஏணி இல்லாத வண்டி என்றால், கையேட்டில் பார்க்காமல் மேலே ஏற வேண்டாம். பக்கத்தில் ஏணி சாத்தி நின்று பார்த்தாலே போதும். ட்ரெய்லர் கூரைகள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற ரப்பர் விரிப்பு, டிபிஓ அல்லது பிவிசி பிளாஸ்டிக் விரிப்பு, ஃபைபர்கிளாஸ் இவற்றில் ஒன்றாக இருக்கும். ரப்பர் கூரையை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். வெயிலில் மேல்படலம் தேய்வதால் வருவது அது, அதற்காகப் பதற வேண்டாம்.

தண்ணீர் பெரும்பாலும் விரிப்பின் நடுவே புகுவதில்லை. காற்றுத் திறப்பு, ஏசி, ஆன்டெனா, கழிவுநீர்த் தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாய் ஆகியவற்றின் அடியிலும், முன்பின் விளிம்புகளிலும் பூசியிருக்கும் சீலன்ட்டில்தான் வெடிப்பு விழும். மயிரிழை அளவு வெடிப்பு போதும். அதில் இறங்கும் நீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்தால் வெடிப்பு அகலமாகும். கீழே இருப்பது ஒட்டுப்பலகையும் மரச்சட்டமும். பல வண்டிகளில் இப்படித்தான் உள்ளுக்குள் உளுத்துப் போகிறது.

சமதளத்துக்குத் தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ட், செங்குத்தான இடத்துக்கு வழியாத வகை. குளியலறை சிலிக்கானைப் பூசாதீர்கள்: பிறகு அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது. ரப்பர் கூரையைத் துடைக்க பெட்ரோலியம் கலந்த திரவங்களும் ஆகாது. கடைசியாக உள்ளே போய், மேல்மூலைகளையும் அலமாரிகளின் பின்பக்கத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உறை பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள்.

ஒழுகும் வண்டியை மூடினால் என்ன, மழையாவது படாதே என்று தோன்றும். காற்று புகும் உறை எதுவும் முழுக்க நீர்புகாதது இல்லை. கசிந்த ஈரம் வெயில்பட்டுக் காயவும் வழியில்லை, ஐந்து மாதம் உங்கள் கண்ணிலும் படாது.

படி 2: காற்று அடிக்கும் நாளில் போய் நில்லுங்கள்

வண்டி நிற்கப் போகும் இடத்துக்குக் காற்று பலமான ஒரு நாளில் போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவரும் வேலியும் மறைக்கும் டிரைவ்வே (வீட்டு வாசலில் வண்டி நிறுத்தும் பாதை) ஒரு ரகம். வயல் நடுவே இருக்கும் வாடகை நிறுத்துமிடம் வேறு ரகம். தெற்கு ஆல்பர்டாவில் லெத்பிரிட்ஜ் பக்கம் சினூக் என்ற பலமான வெப்ப மலைக்காற்று வீசும் வெளிகளில் துணி எதுவும் சும்மா இருக்காது.

உறை படபடக்கும்போது இடையில் மாட்டிய தூசி உப்புத்தாள் போலத் தேய்க்கும். மூலைகளில் பெயின்ட் மங்கும், ஸ்டிக்கர் கோடுகள் உரியும், பிளாஸ்டிக் ஜன்னல்கள் புகை படிந்தது போல ஆகிவிடும். காக்க வாங்கியதே கெடுக்கும். அப்படியான இடத்தில் மூடாதீர்கள்.

டிரைவ்வேயில் நிறுத்துபவர்கள் நகராட்சி விதியையும் பார்த்துவிடுங்கள். பல நகரங்களில் குளிர்காலம் முழுக்க ட்ரெய்லர் நிறுத்த அனுமதி இல்லை.

படி 3: எதிலிருந்து காக்கப் போகிறீர்கள்?

மேப்பிளும் பைனும் மேலே நின்றால் பிசின், இலை, பறவை எச்சம். இதற்கு உறை அருமையான தீர்வு. வான்கூவர் பக்கம் ஓயாத மழையும் பாசியும். அங்கே காற்றோட்டம்தான் முக்கியம். அரிசோனாவில் எதிரி வெயில். அது முதலில் உறையையே தின்றுவிடும், அங்கு நிறுத்துபவர்களுக்குப் பக்கம் திறந்த கூரைக் கொட்டகைதான் சரி.

நமக்குப் பனி. உறை போட்டால் பனிச்சுமை குறையும் என்று நம்புகிறவர்கள் உண்டு, குறையாது. 24 அடி ட்ரெய்லரின் கூரை ஏறத்தாழ 17 சதுர மீட்டர். ஒரு கனமீட்டர் புதுப்பனி சுமார் 100 கிலோ என்று வைத்தால், 30 சென்டிமீட்டர் விழுந்ததும் கூரைமேல் 500 கிலோ ஏறிவிடும். ஈரப்பனி என்றால் இதைப்போல் சில மடங்கு. மூடினாலும் மூடாவிட்டாலும் நுரைத்தலை வைத்த நீளக்கோலால் கீழே நின்றபடி இழுத்துத் தள்ளத்தான் வேண்டும். மூடிய கூரைமேல் மட்டும் ஏறாதீர்கள். வழுக்கும், அடியில் காற்றுத் திறப்பு எங்கே என்றும் தெரியாது.

கூரையில் சோலார் தகடு இருந்தால் உறைக்கடியில் அது சார்ஜ் செய்யாது. பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் கவலையில்லை.

படி 4: நீலத் தார்ப்பாய் வேண்டாம்

மலிவுதான், தெரியும். ஆனால் ஈரம் வெளியேறாமல் பூஞ்சணம் பிடிக்கும், கயிறு பெயின்ட்டை அறுக்கும், ஓட்டை வளையங்கள் முதல் புயலிலேயே பிய்ந்துவிடும். தார்ப்பாய்தான் என்றால் குழாய்ச் சட்டம் கட்டி, வண்டியைத் தொடாதபடி அதன்மேல் போட்டு, இரு முனையையும் திறந்து விடுங்கள்.

படி 5: அளந்து வாங்குங்கள்

மாடல் பெயரில் இருக்கும் எண்ணை நீளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்சுவரிலிருந்து பின் பம்பர் வரை, ஏணியும் மாற்று டயரும் சேர்த்து டேப் பிடித்து அளவெடுங்கள். காரோடு இணைக்க முன்னால் நீளும் கொளுவிக் கம்பியைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. விற்பவரின் அளவுப் பட்டியலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தொளதொள உறை வாங்கினால் படி 2-இல் சொன்ன சேதம்தான். கதவுப் பக்கம் ஜிப் இருப்பதாகப் பாருங்கள், நடுவில் உள்ளே போய்ப் பார்க்க உதவும்.

படி 6: மூடும் நாள்

காற்றில்லாத, வறண்ட, பூஜ்யத்துக்கு மேலான நாள். வண்டியைக் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பக்கவாட்டில் நிழலுக்கு விரிக்கும் சன்ஷேட் துணியும் காய்ந்த பிறகே சுருட்டப்பட வேண்டும். தண்ணீர்க் குழாய்களை வடித்து உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸ் திரவம் விடுவது, சாப்பாட்டுச் சாமான்களை எடுப்பது, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைப்பது எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மழைநீர்க் குழல் முனை, ஏணி மேல்முனை, சன்ஷேட் கைகள் போன்ற கூர்மையான இடங்களில் பழைய துவாலையையோ, நீச்சல்குளத்தில் மிதக்க உதவும் நுரைக்குழாயை நறுக்கியோ கட்டுங்கள். உறைகள் முதலில் கிழிவது இங்கேதான். இரண்டு பேராக, முன்னிருந்து பின்னுக்கு விரியுங்கள். பட்டிகளை அடிவழியாக இழுத்துக் கட்டி, முதல் காற்றுக்குப் பிறகு மறுபடி இறுக்குங்கள்.

மூடிய வண்டிக்குள் ஹீட்டரையோ, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜையோ ஒருபோதும் போடாதீர்கள். புகை வெளியேறும் வழி அடைபட்டிருக்கும். தீப்பிடிக்கலாம், கார்பன் மோனாக்சைடில் உயிரே போகலாம்.

மூடாமல் விடுவதென்றால்

உடலுக்கு மெழுகு, டயர்களுக்குத் தனி உறை, கூரைக் காற்றுத் திறப்புகளுக்கு மேல்மூடி. இந்த மூன்றும் முழு உறையைவிட மலிவு. ஒவ்வொரு பெரிய பனிக்குப் பிறகும் கூரையைத் துடைத்து, உள்ளே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வாருங்கள். டயர் உறை, வண்டியை மூடுபவர்களுக்கும் உதவும், பல முழு உறைகள் சக்கரத்தை முழுதாக மறைப்பதில்லை. ஏப்ரலில் உறையைக் கழற்றினால் ஈரத்தோடு மடிக்காமல், வேலியில் போட்டுக் காயவிட்டு, முன்பக்கம் எது என்று மார்க்கரால் குறித்துவிட்டுச் சுருட்டுங்கள்.