வானம்பாடி தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

வானம்பாடி என்ற பெயர்தான் முதல் தவறுக்கே காரணம். பெயரைக் கேட்டதும் கழுத்து தானாக மேலே போகிறது. உண்மையில் இது தரைக்குருவி. இரை பொறுக்குவது, கூடு கட்டுவது, இரவில் அடைவது எல்லாம் மண்ணில்தான். பாடுவதற்கு மட்டும் மேலே ஏறும். காங்கேயம் பக்கம் ஒரு கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலியோரம் நின்று பைனாகுலரால் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, மேலயே பாக்கறீங்க? அது இங்க ஓடுதுங்" என்றார். பத்தடி தள்ளி, கொழுக்கட்டைப் புல்லுக்குள் மண் நிறத்தில் ஒரு குருவி!

பாட்டு கேட்டதும் பைனாகுலரைத் தூக்குவது அடுத்த தவறு. வெறும் வானத்தில் மரமோ கம்பமோ அடையாளத்துக்கு இருக்காது. வட்டத்துக்குள் நீலம்தான் தெரியும். முதலில் வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். காதருகே கையைக் குவித்துத் தலையை மெல்லத் திருப்பினால் சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று பிடிபடும். அந்தத் திசையில் வெறும் கண்ணால் தேடுங்கள். சின்ன வானம்பாடி என்ற இனமாக இருந்தால் உயரத்தில் படபடத்தபடி நிற்கும் ஒரு புள்ளிதான். கிடைத்ததா? இப்போது கண்ணை எடுக்காமல் பைனாகுலரை வையுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, காத்திருங்கள். பாடி முடித்ததும் இறங்கித்தானே ஆக வேண்டும்!

எல்லா வானம்பாடியும் அவ்வளவு உயரம் போகும் என்று நினைக்காதீர்கள். நம் ஊர்ப் பொட்டலில் அடிக்கடி பார்க்கிற ஜெர்டான் புதர் வானம்பாடி கல்லிலோ முள்செடியிலோ மின்கம்பியிலோ உட்கார்ந்தே மெல்லிய விசில் அடிக்கும். எழும்பினாலும் கொஞ்ச உயரம்தான். அப்புறம் இறக்கையைத் தூக்கி, காலைத் தொங்கவிட்டு, பாராசூட் போல இறங்கும். இறக்கையில் செம்பழுப்பு தெரியும். சாம்பல் தலை வானம்பாடி ஊர்க்குருவியைவிடச் சிறியது, ஆணுக்கு வயிறு கறுப்பு. நீளமாக விசில் அடித்துக்கொண்டே கல் மாதிரி விழுந்து, பாதியில் மறுபடி மேலே எழும். எனக்குப் பிடித்த வித்தை இதுதான்.

பழுப்பாக ஓடுவதெல்லாம் வானம்பாடி இல்லை. வயல் நெட்டைக்காலி பலரையும் ஏமாற்றும். அது ஒல்லி, நிமிர்ந்து நிற்கும், நீண்ட வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும். வானம்பாடி குட்டையாக, தடித்த அலகோடு, பதுங்கினாற்போல் நடக்கும்.

இணையத்தில் கிடைக்கும் ஐரோப்பிய வானம்பாடியின் பாட்டை மனப்பாடம் செய்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது மூச்சுவிடாமல் கொட்டும் பாட்டு. அதையே எதிர்பார்த்தால் புதர் வானம்பாடியின் விசில் காதில் விழுந்தும் பதியாது. பதிவைக் காட்டில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது இன்னும் மோசம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக நினைத்து, ஆண் குருவி பிற வேலைகளை விட்டுவிட்டு அலையும்.

காலை நேரம் சிறந்தது. வெயில் ஏறிய பிறகு போய்விட்டு ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக, அது இறங்கிய இடத்துக்கு ஓடாதீர்கள். இறங்கிய இடத்தில் அது நிற்காது, புல்லுக்குள் ஓடி வேறெங்கோ வெளிவரும். கூடு மண்கட்டியின் மறைவில் ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். முட்டையின் புள்ளிகளும் மண்ணோடு கலந்துவிடும், மிதித்த பிறகுதான் தெரியும். குருவி வாயில் புழுவோடு உங்களையே சுற்றிச்சுற்றி வந்தால், வந்த தடத்திலேயே திரும்பி நடந்துவிடுங்கள்.