தொட்டி மீன் காரணம் தெரியாமல் சாகிறதா? மருந்துப் போத்தலைத் தொடமுதல் இதைச் செய்யுங்கள்

காலையில் எழும்பிப் பார்த்தால் இரண்டு மீன் மிதக்கும். தண்ணீரோ பளிங்கு மாதிரித் தெளிவாக இருக்கும். உடனே கை மருந்துக்குப் போகும், அல்லது தண்ணீர் முழுவதையும் மாற்ற வாளியைத் தேடும். இரண்டையும் தள்ளி வையுங்கள். கொன்றது நோயா, தண்ணீரா என்று தெரியாமல் எதைச் செய்தாலும் மிஞ்சிய மீனுக்குத்தான் ஆபத்து.

முதலில் செத்ததை எடுத்துவிடுங்கள், அழுகினால் அமோனியா என்ற நஞ்சு கூடும். காற்றுப் பம்ப்பை முழு வேகத்தில் விடுங்கள். இன்றைக்குச் சாப்பாடு வேண்டாம்.

அடுத்தது, செத்த விதத்தைப் பாருங்கள். விடியற்காலையில், பெரிய மீன்கள் முதலில், மேலே வந்து வாயைப் பிளந்து செத்தால் ஒட்சிசன் போதவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகும்போது இது அடிக்கடி நடக்கும். செத்து அதிக நேரம் ஆகாத மீன் என்றால், சந்தையில் பார்ப்பது போலச் செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பு மாறி மண்ணிறமாக இருந்தால் நைட்ரைட் (அமோனியா சிதையும்போது உருவாகும் இன்னொரு நஞ்சு) மீது சந்தேகப்படலாம். உடம்பில் ஒரு காயமும் இல்லாமல் எல்லாம் ஒன்றாகச் செத்தால், வெளியிலிருந்து ஏதோ நஞ்சு வந்திருக்கலாம்.

அப்போது வீட்டில் விசாரியுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டெங்குக்குப் புகை அடித்தார்களா? நுளம்புத்திரி பம்ப்புக்குப் பக்கத்தில் எரிந்ததா? பூச்சியைக் கொல்லும் அந்தப் புகையைப் பம்ப் இழுத்துத் தண்ணீருக்குள் விடும். மீனுக்கு அது கொடிய நஞ்சு. அடுத்தமுறை புகை அடிக்க வந்தால் பம்ப்பை நிறுத்தித் தொட்டியைத் துணியால் மூடுங்கள், புகை கலைந்ததும் திறந்து பம்ப்பைப் போடுங்கள்.

ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு என் கப்பிகள் சாகத் தொடங்கின. நல்லது செய்கிறேன் என்று பாதித் தண்ணீரைக் கிணற்று நீரால் மாற்றினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் இன்னும் நாலு செத்தது. மறுநாளும் வாளியோடு போனபோது அம்மா சொன்னார்: "உந்தக் கிணத்துக்கு முந்தநாள் குளோரின் போட்டதடா, மணக்கேல்லையோ?" குனிந்து மணந்தேன். மணந்தது. மீனைக் கொன்றது நான் ஊற்றிய தண்ணீர்.

ஆகவே குழாய் நீரோ கிணற்று நீரோ, முதல்நாளே பிடித்துக் காற்றுக்கல் போட்டு இரவு முழுக்க விடுங்கள். குளோரின் கொஞ்சம்தான் என்றால் போய்விடும், கிணற்று நீருக்குக் குறைவாக உள்ள ஒட்சிசனும் ஏறும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள். கிணற்றுக்கு மருந்து போட்ட வாரத்தில் அந்தத் தண்ணீரே வேண்டாம்.

சரி, இப்போது சோதனைக் கிட்டால் தண்ணீரைச் சோதியுங்கள். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூச்சியமாக இருக்கவேண்டும். புதுத் தொட்டியில் இருக்காது. கழிவைச் சிதைக்கும் பக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருகிறது, கேத்தலின் அடியில் படியும் வெள்ளையே சாட்சி. அதனால் அதன் பீஎச் (அமில-கார அளவு) கூடுதலாக இருக்கும். பீஎச் 7 இலிருந்து 8 ஆனால் அதே அமோனியாவில் நஞ்சான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். அதனால் மற்ற இடத்தில் தாங்கக்கூடிய அளவு இங்கே கொல்லும். கப்பி, மொலி, பிளாட்டி இந்தக் கடின நீரில் சுகமாக வாழும். மென்னீரை விரும்பும் நியோன் டெட்ராவைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள்.

அமோனியா தெரிந்தால் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், நாளைக்கும் அதே அளவு. பில்டர் பஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் பட்டால் பக்டீரியா செத்துவிடும். கரண்ட் பல மணித்தியாலம் நின்றிருந்தால், வந்ததும் பில்டரை அப்படியே ஓடவிடாமல் உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு மாட்டுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் உடம்பில் வெள்ளைப் புள்ளி, செட்டை அரிப்பு தெரிந்தால் அப்போது மருந்து போடலாம். போடும் முன் பில்டருக்குள் இருக்கும் கரியை எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும்.