ஆண்டு விழாப் பாட்டுக்கு ஆதி தாளம், கூடவே பின்னக் கணக்கு

மூன்றாம் வகுப்புக்கு மூன்று வாரம், தினமும் 15 நிமிடம் போதும். பல்லவியும் இரண்டு சரணமும் உள்ள பாட்டாக எடுங்கள். அதற்கு மேல் போனால் கடைசிச் சரணத்தில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள்.

முதல் வாரம் பாட்டே வேண்டாம், தாளம் மட்டும். ஆதி தாளத்துக்கு 8 எண்ணிக்கை: தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அடுத்து தட்டு, வீச்சு (உள்ளங்கை மேலே பார்க்கக் கையைத் திருப்புவது), தட்டு, வீச்சு. பழக்கத்தில் ஆள்காட்டி விரலையும் எண்ணிவிடும் பிள்ளைக்கு 9 வரும். வாய்விட்டு எண்ணச் சொன்னால் தானே பிடிபடும்.

கை பழகியதும் கரும்பலகைக்குப் போங்கள். எட்டில் பாதி எங்கே முடிகிறது? நடுவிரலில். கால்? சுண்டுவிரலில். முக்கால்? முதல் வீச்சில். வட்டம் வரைந்து வெட்டிக் காட்டுவதைவிட இது சீக்கிரம் ஏறும்.

சுருதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆசிரியர் தன் குரலுக்கு ஏற்றபடி தாழ்வாகத் தொடங்கினால் பிள்ளைகள் முனகுவார்கள். மேலே எட்டவைத்தால் கத்துவார்கள். பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடவைத்துப் பார்த்துச் சுருதியை முடிவு செய்யுங்கள்.

மேடையில் படபடப்பால் வேகம் கூடும். பிள்ளைகள் பார்க்கும்படி எதிரே நின்று நீங்களே தாளம் போடுங்கள். மைக்கை முன்வரிசைக்கு ஒட்டி வைக்காதீர்கள். ஒரே குரல்தான் கேட்கும்.